தாளை மடித்த பிறகு நடந்தது

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மேடம், நம்ம கேள்வித்தாளோட கடைசியில 'தாளை மடித்த பிறகு நடந்தது'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல யாருமே ஒண்ணும் எழுதுறதில்ல. டேப்லட்ல ஆப் செஞ்சு தர்றவங்க அத எடுத்துடலாமான்னு கேக்காங்க. எடுத்துடட்டுமா?"

நான் அப்போது பதில் சொல்லவில்லை. வாய் நிறைய மிக்சர் இருந்தது ஒரு காரணம். அந்தக் கட்டத்தின் கதை நின்றுகொண்டு சொல்லி முடிகிற கதை இல்லை என்பது இன்னொன்று. ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்களும் உட்கார்ந்து படியுங்கள்.

மனநோய் வந்தவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் வேலை செய்வதுதான் என் தொழில். அதில் பாதி நாள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதிலேயே கழிந்தது. திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் என் பெயர் பலருக்குத் தெரியாது. "சர்வே டீச்சர்" என்றால் தெரியும். நான் ஒரு நாள்கூட பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற பெண்ணை நம் ஊர் டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் திருத்தவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயம் வெளியூர் அறக்கட்டளை ஒன்று எங்களுக்கு ஒரு பகல் மையம் கட்டித்தர முன்வந்தது. மனநோயிலிருந்து தேறி வருகிறவர்கள் காலையில் வந்து, ஏதாவது ஒரு கைவேலை பார்த்து, நாலு பேரோடு பேசிச் சிரித்து, சாயங்காலம் வீடு திரும்புவதற்கு ஓர் இடம். ஒரே ஒரு மையம்தான். அதை மேலப்பாளையத்தில் வைப்பதா, விக்கிரமசிங்கபுரத்தில் வைப்பதா என்பதுதான் கேள்வி. அறக்கட்டளைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். மனநோய் வந்தவர்களை எந்த ஊர் குறைவாக ஒதுக்குகிறதோ அந்த ஊரில்தான் மையம். ஊரே முகம் சுளிக்கிற இடத்தில் கட்டிடம் கட்டி என்ன பயன் என்று கேட்டார்கள். கேட்பதில் தப்பில்லை.

எந்த ஊர் எவ்வளவு ஒதுக்குகிறது என்பதை எதை வைத்து அளப்பது? அந்த அளவுகோலைச் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. வெளிநாட்டில் பலகாலம் பயன்பட்ட ஒரு கேள்வித்தாளை எடுத்து, பாளையங்கோட்டை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நானே தமிழாக்கினேன். 'மனநோய் வந்து குணமான ஒருவருக்கு உங்கள் வீட்டை வாடகைக்கு விடுவீர்களா? அவரை வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா? உங்கள் குழந்தையை அவர் பார்த்துக்கொள்ளச் சம்மதிப்பீர்களா? அவர் வீட்டில் சம்பந்தம் செய்வீர்களா?' இப்படிப் பன்னிரண்டு கேள்விகள். ஆமாம் என்றால் நல்ல மனசு, இல்லை என்றால் ஒதுக்குகிற மனசு. எவ்வளவு சுலபம் பாருங்கள். எழுதி முடித்த அன்று எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் இரண்டு ஊரிலும் அலைந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விக்கிரமசிங்கபுரம் ஆமாம் ஆமாம் என்று சொல்லி மேலே போய் நின்றது. மேலப்பாளையம் இல்லை இல்லை என்று சொல்லிக் கீழே கிடந்தது. எங்கள் டாக்டர், அதாவது திட்டத்தின் தலைவர், வண்ணப் படம் எல்லாம் போட்டு அறிக்கையைத் தயார் செய்துவிட்டார். அறக்கட்டளைக் கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ஒரே ஒரு வேலை பாக்கி. கேட்ட வீடுகளில் சிலவற்றுக்குத் திரும்பவும் போய், அதே கேள்விகளைக் கேட்டு, அதே பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஆளை இரண்டு தடவை நிறுத்தால் தராசு இரண்டு எடை காட்டக் கூடாது அல்லவா? மேலப்பாளையத்தில் என் பங்குக்கு வந்த முதல் வீடு மைதீன் பாத்துவுடையது.

மைதீன் பாத்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். பீடி சுற்றிப் பிழைக்கிற பெண். முதல் தடவை நான் போனபோது பன்னிரண்டு கேள்விக்கும் வாசலில் நின்றபடியே "இல்ல, இல்ல" என்று சொல்லி அனுப்பிவைத்தவர். ஊரிலேயே ஒதுக்கல் அதிகமுள்ள ஆள் என்று என் கணக்கு சொன்னது அவரைத்தான்.

"என்ன டீச்சர், போன தடவ கேட்டதத்தான திருப்பிக் கேக்கிய? பரீச்சையில நான் பெயிலா?" என்றார்.

"பெயில் எல்லாம் இல்லக்கா. சும்மா இன்னொரு தடவ."

"கேளுங்க, கேளுங்க. எனக்கு இலை காயுது."

கேட்டேன். பன்னிரண்டுக்கும் மறுபடி இல்லை. எனக்கு மனசுக்குள் ஒரே சந்தோஷம். பதில் ஒரு இம்மிகூட மாறவில்லை! என் தராசு நல்ல தராசு! கையெழுத்து வாங்கக் குனிந்தேன், சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

"யாரு பெத்த பிள்ளையோ, நனையுதிய. உள்ள வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே பத்தமடைப் பாய் ஒன்றை விரித்து உட்காரச் சொன்னார். நாலு பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவள் தோளில் மைதீன் பாத்துவின் கைக்குழந்தைப் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். குழந்தை நழுவாமல், பீடியும் கோணாமல், அவள் சுற்றிய அழகை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மைதீன் பாத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏட்டி ஜன்னத்து, மணியாச்சு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மாத்திரயப் போடு. வெறும் வயித்துல போடாத, தலைய சுத்தும்."

குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஜன்னத் சிரித்தபடி எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். அந்த அட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மனநலப் பிரிவில் தினம் பார்க்கிற மாத்திரை.

நான் பார்த்ததை மைதீன் பாத்து கவனித்துவிட்டார். அவரிடம் ஒளிவு மறைவு எல்லாம் கிடையாது. "என் தங்கச்சி. எட்டு வருசத்துக்கு முந்தி மனசு ரொம்ப செரமப்பட்டுப் போச்சு. காதுல யாரோ பேசுதாங்கன்னு சொல்லுவா. புருசன் வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாவ. பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டு அலைஞ்சேன். இப்ப அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கா. பெறகு டீச்சர், டீயா, காப்பியா?"

எனக்கு டீயும் ஓடவில்லை, காப்பியும் ஓடவில்லை. மடியில் அவருடைய தாள் இருந்தது. பன்னிரண்டு இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? மனநோய் வந்து குணமானவங்க பிள்ளையப் பாத்துக்கிட சம்மதமான்னு கேட்டதுக்கு இல்லன்னியளே. இந்தா, உங்க பேரன் அவ தோளுலதான தூங்குதான்?"

"அவ இந்த வீட்டு ஆளுல்லா! நீங்க யாரோ ஒருத்தர்னு கேட்டிய. யாருன்னு தெரியாத ஆளுகிட்ட பச்சப்பிள்ளயக் குடுப்பாளா ஒருத்தி? நீங்க குடுப்பியளா?"

"மாட்டேன்" என்றேன்.

"அப்ப வாடகைக்கு?" என்று நானே தொடர்ந்தேன்.

"மாடி என் தம்பிக்கு. அவன் துபாய்ல இருந்து வந்தா எங்கன தங்குவான்? நீங்களே கேட்டாலும் விட மாட்டேன்."

"சம்பந்தம்?"

"நாங்க சொந்தத்துலதான் குடுப்போம், எடுப்போம். கலெக்டர் மவன் வந்து நின்னாலும் இல்லதான்."

"வேலைக்கு வைக்கிறது?"

அவர் சிரித்த சிரிப்பில் மற்ற மூன்று பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "நானே கடைக்குப் பீடி சுத்திக் குடுக்கவ. நான் யார வேலைக்கு வைக்க? நீங்க இதக் கேக்கும்போதே எனக்குச் சிரிப்பு. மரியாதைக்கு அடக்கிக்கிட்டேன்."

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. என் தராசு இரண்டு தடவையும் ஒரே எடையைத்தான் காட்டியது. ஆனால் தட்டில் நான் நினைத்த பொருளே இல்லை. எட்டு வருஷமாகத் தங்கைக்குச் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, பேரனையே அவள் தோளில் தூங்க விட்டிருக்கிற மனுஷியை, ஊரிலேயே அதிகமாக ஒதுக்குகிறவள் என்று எழுதி வைத்திருந்தேன். அதுவும் இரண்டு தடவை, மாறாத நம்பகத்தன்மையோடு!

மழை விட்டது. வாசல் வரை ஜன்னத் கூட வந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், மெல்ல ஒரு கேள்வி கேட்டாள்.

"டீச்சர், அக்காட்ட சொன்னியளே, நீங்க கட்டப்போற எடம் எங்கன வரும்? நடந்து வர்ற தூரமா?"

"ஏன் கேக்க?"

"பஸ்ஸுல கூட்டத்துல ஏறுனா எனக்கு நெஞ்சு படபடங்கும். நடந்துன்னா வருவேன். ஆஸ்பத்திரிக்குப் போனத விட்டா, எட்டு வருசமா இந்தத் தெரு முக்கைத் தாண்டல டீச்சர். பீடியையும் சுவத்தையும் பாத்து அலுத்துப் போச்சு."

விக்கிரமசிங்கபுரம் மேலப்பாளையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். ஜங்ஷன் போய், பஸ் பிடித்து, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் எல்லாம் தாண்டி, மலையடிவாரம் வரை போக வேண்டும். நான் எழுதிய பன்னிரண்டு கேள்விகள் அவளுடைய மையத்தை அங்கே தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தன.

இந்த இடத்தில், உடனே ஓடிப்போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரியும். ஆனால் அந்தப் பூசணிக்காய் நானே விளைவித்தது. ஆறு மாத வேலை. என்னோடு வெயிலில் அலைந்த பிள்ளைகள். வண்ணப் படம் போட்ட அறிக்கை. ஒரு வீட்டில் நடந்ததை வைத்து எல்லாவற்றையும் தப்பு என்று சொல்ல முடியுமா என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 'நடந்து வர்ற தூரமா' என்ற அந்தக் கேள்வி மட்டும் காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலை டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

முழுவதையும் கேட்டார். மனுஷர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேலப்பாளையத்து 'இல்லை' நிஜமான 'இல்லை' கிடையாதுன்னா, விக்கிரமசிங்கபுரத்து 'ஆமா' மட்டும் நிஜமான 'ஆமா'வா இருக்குமா? அதையும் ஒரு நடை பாத்துட்டு வா."

எனக்கு அது தோன்றவே இல்லை. நமக்குப் பிடிக்காத பதிலைத்தான் நாம் சந்தேகப்படுவோம். பிடித்த பதிலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவோம்.

மறுநாளே விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கே பன்னிரண்டுக்கும் ஆமாம் சொன்ன ஓர் அண்ணாச்சி இருந்தார். மில்லில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நான் இரண்டு கேள்விகளை ஒன்றுக்கொன்று நேர் எதிராக எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"அண்ணாச்சி, மனநோய் வந்து குணமானவங்கள ஊரோட சேத்து வச்சுக்கிடணுமா?"

"ஆமா."

"அவங்கள ஊரைவிட்டுத் தள்ளி வைக்கணுமா?"

"ஆமா, ஆமா."

"அண்ணாச்சி! ரெண்டுக்கும் ஆமான்னா எப்படி?"

அவர் துணியைக் கீழே வைத்தார். "பெறகு என்ன சொல்லச் சொல்லுதிய? நீங்க கையில தாளோட வந்திருக்கிய. எங்கயோ ஆபீசுல இருந்து வருத தாளு. தாளுக்கு எதிரா இல்லன்னு சொல்லப்படாதுல்லா? எங்களுக்கெல்லாம் அப்படித்தான் பழக்கம். ஆமான்னா சோலி முடிஞ்சுது. இல்லன்னா, ஏன் இல்லன்னு பத்து கேள்வி வரும்."

இவ்வளவு தெளிவாக எனக்கு எந்தப் பேராசிரியரும் பாடம் எடுத்ததில்லை. தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். பேனாவையும் மூடினேன். "அண்ணாச்சி, தாள் இல்ல. இப்ப சொல்லுங்க."

துணியை எடுத்து சைக்கிள் பெல்லைத் துடைத்தார். அப்புறம் சொன்னார். "என் மச்சினன் மவன் ஒருத்தன் இருக்கான். நல்லா படிச்ச பய. ரெண்டு வருசமா ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கான். வெளிய சொன்னா அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆவாதுன்னு பயந்து கெடக்கோம். தாள்ல இத எங்கன எழுதுவிய?"

அவனை எங்கே எப்போது கூட்டி வரலாம் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஓர் ஊர் வழக்கத்துக்காக இல்லை என்றது. இன்னோர் ஊர் மரியாதைக்காக ஆமாம் என்றது. இரண்டுக்கும் நான் ஒதுக்கலின் அளவு என்று பெயர் வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி யார் உசத்தி என்று பார்த்திருக்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் தொழிலுக்கென்றே சொன்னது மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு பானையிலும் ஒரே அரிசிதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கூட்டத்துக்கு ஏழு நாள். அன்று சாயங்காலமே நானும் டாக்டரும் உட்கார்ந்து இரண்டு அட்டைகள் எழுதினோம். இரண்டிலும் ஒரே கதை: ஒரு பெண், கூடப் பிறந்தவர்கள் வீட்டில் இருக்கிறாள், சில வருஷம் உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டாள். ஓர் அட்டையில் அவளுக்குக் கால் ஒடிந்திருந்தது. இன்னோர் அட்டையில் மனநோய் வந்திருந்தது. மற்றபடி ஓர் எழுத்து வித்தியாசம் கிடையாது. ஒரு வீட்டில் கால் அட்டை, அடுத்த வீட்டில் மனசு அட்டை. கேள்விகள் ஒன்றேதான், அவற்றிலும் பாதியைத் திருப்பிப் போட்டோம், ஆமாம் என்றாலே நல்ல பெயர் என்று ஆகிவிடாதபடிக்கு. கால் ஒடிந்தவளுக்கும் மாடியை வாடகைக்கு விட மாட்டேன் என்றால், அது மாடியைப் பற்றிய பதில். கால் ஒடிந்தவளை விடுவேன், மனநோய் வந்தவளை விட மாட்டேன் என்றால்தான் அது ஒதுக்கல். எடுக்க வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான். கணக்கு விவரம் உங்களுக்கு வகுப்பில் வரும், நான் அதற்குள் போகவில்லை.

ஐந்து நாள் பேய் மாதிரி அலைந்தோம். இரண்டு ஊரிலும் கொஞ்சம் வீடுகளைத்தான் பார்க்க முடிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. மலையும் இல்லை, மடுவும் இல்லை. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. இரண்டிலும் கொஞ்சம் பயம், கொஞ்சம் பாசம், கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் ஒரு தயக்கம்.

கூட்டத்தில் அறக்கட்டளைத் தலைவர் என்னையே பார்த்துக் கேட்டார். "அப்படின்னா இந்த ஆறு மாசமா நீங்க அளந்தது எல்லாம் வீணா?"

கேள்விகளை எழுதியது குழு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். குழு என்பது நமக்கெல்லாம் வசதியான போர்வை. "கேள்விகள எழுதினது நான்தான் சார், தப்பு என்னோடது" என்றேன். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா வீண் இல்ல சார். யார் யார் மாடிய வாடகைக்கு விடுவாங்க, யாருக்குத் தாளக் கண்டா மரியாதை அதிகம்னு ரொம்ப நம்பகமா அளந்திருக்கோம்."

டாக்டர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் தலைவரும் சிரித்துவிட்டார். "சரி, மனசு ரெண்டு ஊர்லயும் ஒண்ணுன்னா, எதை வச்சு முடிவு பண்றது?"

"எந்த ஊர்ல அதிகம் பேர் நடந்து வந்து சேருவாங்களோ, அங்க வைங்க சார்" என்றேன்.

எண்ணிப் பார்த்ததில் நடந்து வரக்கூடியவர்கள் மேலப்பாளையத்தில்தான் அதிகம், மையமும் அங்கேதான் வந்தது. விக்கிரமசிங்கபுரத்துக்கு வாரம் ஒரு நாள் டாக்டரே போய் உட்காருவது என்று முடிவானது. முதல் வாரமே அண்ணாச்சி தன் மச்சினன் மகனை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தாராம். "தாளுக்காக இல்லம்மா, உங்களுக்காக ஆமா" என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். அந்த ஆமாவுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

மையம் திறந்த அன்று, அத்தனை வருஷத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக்கு இல்லாமல் ஜன்னத் தெரு முக்கைத் தாண்டினாள். கூட மைதீன் பாத்து. பின்னால் பீடி சுற்றுகிற பெண்கள் மூன்று பேரும். ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரித்தான் வந்தார்கள். வாசலில் என்னைப் பார்த்ததும் மைதீன் பாத்து, "டீச்சர், இப்ப நான் பாசா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரிக்க நான் அழ, பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

தையல் சொல்லிக்கொடுத்தோம், ஜன்னத்துக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வருகைப் பதிவேடு எழுதக் கொடுத்தோம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, ஒரு பிழை கிடையாது. யாராவது பத்து நிமிஷம் பிந்தி வந்தால் பத்து நிமிஷம் என்றே எழுதுவாள், நானாக இருந்தாலும். இரண்டு வருஷம் கழித்து அடுத்த சர்வே வந்தபோது அவளையே கேள்வி கேட்க அனுப்பினால் என்ன என்று தோன்றியது. முதலில் மேலப்பாளையத் தெருக்கள் மட்டும். பிறகு ஒரு நாள் அவளாகவே, "டீச்சர், பஸ்ஸுல ஏறிப் பாப்பமா?" என்றாள். ஜன்னலோர இருக்கை அவளுக்கு, பக்கத்தில் நான். பத்தமடை வரும் வரை என் மணிக்கட்டை விடவில்லை. இறங்கிய பிறகு பார்த்தால் மணிக்கட்டில் அவள் விரல் தடம். ஆனால் இறங்கிவிட்டாள்!

பத்தமடையில் அவள் ஒரு தெருவுக்கு, நான் ஒரு தெருவுக்கு. வேலை முடிந்து நான் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். நேரம் ஆக ஆக, அவள் போன தெருவின் முனையை எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் வந்தாள், தனியாகச் சிரித்துக்கொண்டே.

"என்னட்டி சிரிப்பு?"

"கடைசி வீட்டுல பாய் முடையுத ஒரு அம்மா டீச்சர். மனசு அட்டை. அந்தப் பொண்ண வீட்டுக்குள்ள விடுவியளான்னு கேட்டா, வாசப்படி மிதிக்க விட மாட்டேன்னுட்டாவ. அப்படியே எழுதிக்கிட்டேன். தாள மடிச்சேன். பெறகு டீ போட்டுக் குடுத்தாவ. குடிச்சுக்கிட்டே சொன்னேன், 'அம்மா, அந்த அட்டையில உள்ளது என்னப்போல ஒருத்திதான், எனக்கும் அது வந்து நல்லாயிருக்கு'ன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"என்னையே பாத்தாவ. 'டீ ஆறுது, குடி'ன்னாவ. உள்ள போயி முறுக்கு எடுத்தாந்து கையில குடுத்தாவ. கெளம்பும்போது, 'அடுத்த தடவ வேற யாரையும் அனுப்பப்படாது, நீதான் வரணும்'ன்னாவ."

அவள் தாளை எடுத்து நீட்டினாள். பதில் 'இல்லை' என்றே இருந்தது. அடிக்கவில்லை, திருத்தவில்லை.

"பதில மாத்தக் கூடாதுல்லா டீச்சர்?"

"கூடாது. தாள் மடிக்கிறதுக்கு முன்னால சொன்னதுதான் பதில்."

"சரி. அப்ப இந்த முறுக்க எங்கன எழுத?"

தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவு யோசித்துச் செய்த தாள். கால் அட்டை, மனசு அட்டை, திருப்பிப் போட்ட கேள்விகள் எல்லாம் இருந்தன. முறுக்குக்கு இடம் இல்லை. நின்ற இடத்திலேயே பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் போட்டேன். மேலே 'தாளை மடித்த பிறகு நடந்தது' என்று எழுதினேன். அதில் முதல் முதலாக எழுதியவள் ஜன்னத்.

ஆகையால் பிள்ளைகளே, ஆப் செய்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள், கட்டம் அங்கேயே இருக்கட்டும். காலியாகத்தான் கிடக்கும். எல்லா வீட்டிலும் முறுக்கு கிடைக்காது. ஆனால் கேள்வி கேட்பதற்கு முன்னால் ஓர் ஊர் இருக்கிறது, கேட்ட பிறகும் அந்த ஊர் இருக்கிறது. அதில் வந்த மாற்றம் நம் கண்ணில் பட்டால் அதை எழுத ஓர் இடம் வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

திங்கட்கிழமை உங்களைக் களத்துக்கு அழைத்துப் போக ஒருவர் வருவார். நாற்பத்தைந்து தாண்டிய பெண், பஸ்ஸில் எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவார், பத்து நிமிஷம் பிந்தினால் பத்து என்றே எழுதுவார். ஜாக்கிரதை. இந்தக் கதையை அவருடைய பெயரோடு எழுதச் சொன்னதும் அவர்தான். எழுதி முடித்ததும் நேற்று அவரிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.

"எல்லாம் சரிதான் டீச்சர். ஒண்ணுதான் கொறையுது. முறுக்குன்னு மொட்டையா எழுதியிருக்கிய. ரெண்டு முறுக்கு."